சிவப்பு வளையம்

பிப்ரவரி 4

பொடிசின் அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் கேட்ட எதற்கும் நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. கோபமெல்லாம் இல்லை. குப்பித் தொழிற்சாலையில் உங்களுக்குப் போனுக்குக் கொடுப்பதே வாரத்துக்கு ஐந்து நிமிடம். பின்னால் வரிசையில் நிற்பவர் தொண்டையைச் செருமுவது எனக்கே கேட்கிறது. அதற்கு முந்தின வாரம் நாலு நிமிடம் சண்டை, ஒரு நிமிடம் அழுகை என்று போனது. "எழுதி அனுப்பிடு, நிதானமா படிச்சுக்கறேன்" என்று நீங்கள்தானே சொன்னீர்கள். எழுதுகிறேன். எழுத்துப் பிழை பார்க்காதீர்கள்.

பொடிசு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இருபது நாள் ஆகிறது. ஒரு நாளைக்கு நாலு இன்சுலின் ஊசி, ஆறு முறை விரலில் குத்தி ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டும். ஒன்பது வயதுக் குழந்தைக்கு இது எப்படி வந்தது, நான் இனிப்பு கொடுத்தா வளர்த்தேன் என்று டாக்டரிடம் மறுபடியும் கேட்டேன். "நீங்க குடுத்ததாலயும் வரல, குடுக்காததாலயும் வரலம்மா. அவ உடம்பு இன்சுலின் சுரக்கறத நிறுத்திடுச்சு. இனிமே ஆயுசுக்கும் வெளியில இருந்துதான் குடுக்கணும்" என்றார். மூன்றாவது முறையாக அதே பதில். அடுத்த முறை கேட்டால் எழுந்து போய்விடுவார் என்று நினைக்கிறேன்.

சாப்பாட்டு ஆலோசகர் அம்மா ஒரு சின்னத் தராசு வாங்கச் சொன்னார். சோறு, ரொட்டி, பழம், பால் எதுவானாலும் அதில் எத்தனை கிராம் மாவுச்சத்து என்று கணக்குப் பார்த்து, அதற்குத் தகுந்த ஊசி போட வேண்டுமாம். பதினைந்து வருடமாகத் தையல் கடையில் ஆளைப் பார்த்தே இடுப்பளவு சொல்கிறவள் நான். ஒரு கரண்டிச் சோற்றைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. நேற்று நூறு கிராம் இருக்கும் என்று அடித்துச் சொன்னேன். தராசு நூற்றறுபது என்றது. பொடிசு கைகொட்டிச் சிரித்தாள்.

அவள் தைரியமாகத்தான் இருக்கிறாள். ஊசி போடும் முன்னால் மருந்துக் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உங்களைப் போலவே ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறாள். "இது அப்பா பாஸ் பண்ணினது" என்று சொன்ன பிறகுதான் தொடையைக் காட்டுவாள். குத்தும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். குத்துகிறவள் நான்தான், ஆனாலும்.

அவள் எண்கள் எழுதி வைக்கும் நோட்டில் ஒரு வாரப் பக்கத்தைக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன். எழுபதுக்கும் நூற்றெண்பதுக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்கிறார் டாக்டர். நீங்களும் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

பொடிசின் அம்மா


பிப்ரவரி 13

பொடிசின் அம்மாவுக்கு,

பக்கம் வந்து சேர்ந்தது. நாற்பத்திரண்டு எண்கள் இருக்கின்றன. அதில் பதினேழு வரம்புக்கு வெளியே. கண்ணில் படுவதற்காக அந்தப் பதினேழுக்கும் சிவப்பு மெழுகுப் பென்சிலால் வளையம் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுது. செவ்வாய் மாலை 294. அன்றைக்கு என்ன சாப்பிட்டாள்? வெள்ளி காலை 61. முந்தின இரவு என்ன குறைந்தது?

நான் ஏதோ மேஸ்திரித்தனம் செய்வதாக நினைக்காதே. எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். ஒரு ஷிப்டில் நாலாயிரம் குப்பி என் கண் முன்னால் ஓடுகிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கீறல், குமிழ், கோணல் எது இருந்தாலும் வளையம் போட்டு ஒதுக்குகிறேன். வளையம் போட்டதெல்லாம் மறுபடி உலைக்குப் போய்விடும். பொடிசுக்கு நினைவிருக்கும், போன வருடம் இங்கே அழைத்து வந்தபோது கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிழை எங்கே என்று தெரிந்தால்தான் அச்சைத் திருத்த முடியும். குழந்தை விஷயமும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கண்ணளவு வேண்டாம். தராசை விடாதே. ரொட்டித் துண்டையும் நிறுத்தே கொடு, எல்லாத் துண்டும் ஒரே கனம் இருக்காது.

பொடிசிடம் சொல்: "அடுத்த வாரம் வளையம் பத்துக்குள்ள வரணும்டா, அப்பா எண்ணுவேன்."

அப்பா


பிப்ரவரி 21

பொடிசின் அப்பாவுக்கு,

காரணம் கேட்டீர்கள். எழுதுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிறந்தநாள். கேக் வெட்டினார்கள். பொடிசு தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆன்ட்டி, இதுல எத்தனை கிராம் மாவுச்சத்து?" என்று கேட்டாளாம். அந்தம்மா, "ஐயோ பாவம், ஒரு துண்டுதானேடி, ஒண்ணும் ஆகாது, சாப்பிடு" என்றாராம். நான் கடையில் இருந்தேன். போனில் கேட்டாள். என் மனக்கணக்கில் முப்பது என்று சொன்னேன், வந்து ஊசியும் அதற்கே போட்டேன், ஐம்பதுக்கு மேல் இருந்திருக்கும் போல. அதுதான் உங்கள் 294. வெள்ளிக்கிழமை 61-க்குக் காரணம் எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியவில்லை. "எல்லாத்தையும் சரியா செஞ்சாலும் சில நாள் இப்படித்தாம்மா வரும்" என்கிறார். இதை எந்தக் கட்டத்தில் எழுத?

அன்று காலை எழுப்பினால் எழவில்லை. வேர்த்துக் கொட்டியிருந்தது. பழச்சாற்றை வாயில் ஊற்றிவிட்டு, கால் மணி நேரம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "ஏம்மா அழற?" என்று கேட்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. நீங்கள் அதற்கு அழகாக ஒரு வளையம் போட்டிருக்கிறீர்கள்.

தபாலைப் பிரித்ததும் அவள் உங்கள் கடிதத்தைப் பார்க்கவில்லை. வளையத்தைத்தான் எண்ணினாள். "பதினேழும்மா" என்றாள். அன்று இரவு சோற்றில் பாதியை ஒதுக்கிவிட்டாள். ஊசி போட்டாயிற்று, சாப்பிட்டே தீர வேண்டும் என்று நான் கெஞ்ச, அவள் வாயை மூடிக்கொள்ள, ஒரு மணி நேரம் போர்தான் நடந்தது. இனிமேல் வளையம் வேண்டாம். கேட்டால் கேளுங்கள், கேட்காவிட்டால் உங்கள் இஷ்டம்.

பொடிசின் அம்மா


மார்ச் 2

பொடிசின் அம்மாவுக்கு,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். 61 பற்றி எழுதியிருந்ததைப் படித்தபோது மதிய மணி அடித்தது. போய்ச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

நீ சொல்வது புரிகிறது. ஆனால் நான் இங்கிருந்து வேறு என்ன செய்ய? நீ ஊசி போடுகிறாய், நிறுக்கிறாய், பழச்சாறு ஊற்றுகிறாய். எனக்கு ஒரு காகிதம் வருகிறது. நான் பார்த்துவிட்டு மடித்து வைத்தால், தகப்பன் என்று நான் ஒருவன் இருந்து என்ன பயன்? வளையம் போடும் அந்தக் கால் மணி நேரம்தான் நான் அவள் பக்கத்தில் இருப்பது போல இருக்கிறது. அதையும் பிடுங்காதே.

திட்டுவதற்காகப் போடவில்லை என்று அவளிடம் சொல். நீ கடிதத்தோடு வைத்த இந்த வாரப் பக்கத்தில் பதினொன்றுதான். குறைந்திருக்கிறது பார்.

அப்பா


மார்ச் 24

பொடிசின் அப்பாவுக்கு,

கடையில் வேலை குவிந்து கிடக்கிறது. ஏழு மணிக்கு முன்னால் விட மாட்டேன் என்கிறார் முதலாளி. காலையில் மட்டும் நான் கூட நிற்கிறேன், இரவில் அடுப்படியிலிருந்தே எண்ணைக் கேட்டுக்கொள்கிறேன். பள்ளியிலிருந்து வந்ததும் பொடிசு தானே விரலைக் குத்திப் பார்த்து, கடைக்குப் போன் செய்து எண்ணைச் சொல்கிறாள். எத்தனை யூனிட் என்று நான் சொல்கிறேன், அவளே போட்டுக்கொள்கிறாள். இரண்டு பிஸ்கட், ஒரு வேகவைத்த முட்டை, வெள்ளரிக்காய் என்று டப்பாவில் நிறுத்து வைத்துவிட்டுப் போகிறேன். முட்டைக்கும் வெள்ளரிக்கும் கணக்கு அதிகம் பார்க்க வேண்டாம் என்பதால் அவைதான் எங்கள் வீட்டு ராஜாக்கள்.

ஒன்பது வயதுக் குழந்தை தனக்குத்தானே ஊசி போட்டுக்கொள்வதைத் தையல் கடைப் பெண்களிடம் சொன்னால் "கெட்டிக்காரி" என்கிறார்கள். நான் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

ஆனால் எண்கள் நன்றாக வருகின்றன. காலையில் நான் பார்க்கும்போது மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது. "தூக்கத்துல ஏறியிருக்கும்மா" என்கிறாள், டாக்டர் மாதிரி. பக்கத்தை அவளே அழகாகக் கோடு போட்டு நகல் எடுத்திருக்கிறாள். அப்பாவுக்கு அனுப்பும் பக்கத்தில் அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாதாம்.

பொடிசின் அம்மா


ஏப்ரல் 1

பொடிசுக்கும் பொடிசின் அம்மாவுக்கும்,

ஒரு வளையம்கூட இல்லை! பென்சிலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை போனேன், ஒன்றுகூட இல்லை. 110, 120, 115, 120, 130, 110. பார்க்கப் பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது. கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டேன். அறையில் இருக்கும் உலைக்காரரிடம், "என் பொண்ணு பதிவேடு, பாருங்க. நம்ம ஷிப்டே இவ்வளவு சுத்தமா ஓடினதில்ல" என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். கழற்றி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். அவருக்குப் பொறாமை.

பார்த்தாயா, வளையம் போட்டதற்குப் பலன் இருக்கிறது. நான் சொன்னால் கேட்டாயா?

என் தங்கமே, இப்படியே போகணும். அப்பா பென்சிலை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

அப்பா


ஏப்ரல் 20

பொடிசின் அப்பாவுக்கு,

அவள் பிழைத்துவிட்டாள். பத்தாம் தேதி மேற்பார்வையாளர் அறைக்குச் செய்த போனில் நான் என்ன உளறினேன் என்று எனக்கே நினைவில்லை, அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

எட்டாம் தேதி காய்ச்சல் வந்தது. கடைக்கு லீவு சொல்ல முடியவில்லை. அவளே பார்த்து 125 என்று சொன்னாள், அதற்கு ஏற்ற ஊசி சொன்னேன். ஒன்பதாம் தேதி வாந்தி. எண் கேட்டேன், 130 என்றாள். காய்ச்சல் வாந்தி என்று நினைத்துக் கஞ்சித் தண்ணீர் கொடுத்தேன். நான் பார்த்திருக்க வேண்டும். அவள் கையைப் பிடித்து நானே குத்திப் பார்த்திருக்க வேண்டும். பத்தாம் தேதி காலையில் ஓடி வந்தவள் மாதிரி மூச்சு வாங்கினாள், படுத்தபடியே. வாயில் அழுகிய பழ வாடை அடித்தது. தூக்கிக்கொண்டு ஓடினேன். செருப்புகூடப் போடவில்லை.

உடம்பில் இன்சுலின் போதாமல் ரத்தமே அமிலமாகிவிட்டதாம். மூன்று நாள் தனி வார்டில் வைத்திருந்தார்கள். முதல் நாள் அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

அங்கே ஒரு நர்ஸ், "வீட்டுல எழுதி வச்ச நோட்டு இருக்கா?" என்றார். பெருமையாக எடுத்துக் கொடுத்தேன். நோட்டைப் பார்த்தார், சர்க்கரை பார்க்கும் மெஷினை வாங்கி ஏதோ பொத்தானை அழுத்தினார். அதில் பழைய எண்ணெல்லாம் அப்படியே இருக்குமாம். எனக்குத் தெரியாது. மூன்று மாதமாகக் கையில் வைத்திருக்கிறேன், எனக்குத் தெரியாது. "அம்மா, நோட்டுல 110 போட்டிருக்கு, மெஷின்ல 342 இருக்கே" என்றார். அடுத்தது நோட்டில் 120, மெஷினில் 388. ஒவ்வொன்றாக வாசித்தார். போதும் என்று நான் சொல்லும் வரை வாசித்தார். அவள் சொன்ன எண்ணுக்குத்தான் நான் ஊசி கணக்குப் போட்டிருக்கிறேன். ஒரு மாதமாகக் குழந்தைக்குப் போதாத மருந்து கொடுத்திருக்கிறேன்.

நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்தாள். நான் திட்டவில்லை. சத்தியமாகத் திட்டவில்லை. "ஏன்டா கண்ணு இப்படிச் செஞ்ச?" என்று மட்டும் கேட்டேன். ரொம்ப நேரம் போர்வை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள்: "அப்பா வளையம் போட்டதையெல்லாம் உலையில போடுவாங்கல்ல?"

எனக்கு உடனே புரியவில்லை. அவளே சொன்னாள். "நான் பாத்தேன்மா. வளையம் இருந்தா அந்த மாமா எடுத்துத் தூக்கிப் போட்டாரு. அப்பா திரும்பிக்கூடப் பாக்கல. எனக்கு மொத வாரமே பதினேழு இருந்துச்சு."

இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பு இல்லை. உங்களைக் குறை சொல்ல வேண்டும் என்று பத்து நாளாக மனதுக்குள் எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். எழுத உட்கார்ந்தால் என் பங்குதான் முன்னால் வந்து நிற்கிறது. போனில் அவள் குரல் கேட்டால் போதும் என்று தையல் மெஷினை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான்தானே.

பொடிசின் அம்மா


ஏப்ரல் 28

பொடிசின் அம்மாவுக்கு,

சுவரில் ஒட்டியிருந்த பக்கத்தை எடுத்துவிட்டேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக் கொடுப்பது இதுதான்: பதிவேட்டில் எண்கள் எல்லாம் பூஜ்யத்திலும் ஐந்திலுமே முடிந்தால், அந்த ஆள் குப்பியைப் பார்க்கவே இல்லை, உட்கார்ந்த இடத்தில் எழுதியிருக்கிறான். உண்மையான அளவு ஒருநாளும் அப்படி வராது. போன வருடம் இதை வைத்தே ஒருவனைப் பிடித்துக் கொடுத்தேன். 110, 120, 115, 120, 130, 110. அந்தப் பக்கத்தை மூன்று வாரம் தலைக்கு மேல் ஒட்டி வைத்துக்கொண்டு தூங்கினேன். உலைக்காரர் பார்த்த உடனே கண்டுபிடித்திருக்கிறார். நேற்று கேட்டேன். "நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க, எப்படிச் சொல்றது?" என்றார்.

ஊருக்கு வர லீவு கேட்டு மேற்பார்வையாளரிடம் போய் நின்றேன். மாற்று ஆள் வராமல் விட முடியாதாம், ஆகஸ்ட் ஆகுமாம். கத்தினேன். அழுதேன் என்றே சொல்லலாம். அவர் தண்ணீர் கொடுத்தார், லீவு கொடுக்கவில்லை. தினமும் நாலாயிரம் குப்பி ஓடுகிறது. எந்த ஊரில் எந்தக் குழந்தைக்குப் போகிறதோ, ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இனி வளையம் இல்லை என்று அவளிடம் சொல். எந்த எண் வந்தாலும் அப்பாவுக்கு அது போதும். 400 என்றாலும் எழுதச் சொல். அவளை யாரும் எங்கேயும் போட மாட்டார்கள். இதை ஒரு குழந்தைக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, நீதான் சொல்ல வேண்டும்.

அப்பா


மே 11

பொடிசின் அப்பாவுக்கு,

சொன்னேன். மடியில் உட்கார வைத்துச் சொன்னேன். "நெஜமாவா?" என்றாள். "நெஜமாடா" என்றேன். "அப்போ அப்பா பென்சில வச்சு என்ன பண்ணுவாரு?" என்றாள். தலை வாரிவிடச் சீப்பை எடுத்தேன்.

கடையில் பாதி நாள் வேலைக்கு மாறிவிட்டேன். இப்போது ஆறு முறையும் நான் பக்கத்தில் இருக்கிறேன். தராசு, கணக்கு, ஊசி எல்லாம் அளந்து அளந்துதான் செய்கிறேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரே ரொட்டி, ஒரே ஊசி, ஒரே நேரம். திங்கட்கிழமை 134, செவ்வாய்க்கிழமை 251. வளர்கிற குழந்தை, காய்ச்சல் விட்ட உடம்பு, ஓடினால் ஒன்று, உட்கார்ந்தால் ஒன்று என்கிறார் டாக்டர். நாம் பாதிதான் பிடித்து வைக்கலாமாம். மீதிப் பாதியை என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை.

போன வாரம்தான் மறுபடி நோட்டில் எழுத ஆரம்பித்தாள். இந்த வாரப் பக்கத்தை அவளே உறையில் போட்டு ஒட்டிவிட்டாள். "நீ பாக்காத, இது அப்பாவுக்கு" என்றாள். மெஷினோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எழுத வைத்தேன், எண்ணெல்லாம் உண்மைதான். அதனால் நான் பிரிக்கவில்லை.

பொடிசின் அம்மா


மே 19

பொடிசின் அம்மாவுக்கு,

நல்லவேளை நீ பிரிக்கவில்லை.

நாற்பத்திரண்டு எண்களும் இருக்கின்றன. நகல் எடுக்கவில்லை, அடித்தல் திருத்தலோடு அப்படியே இருக்கிறது. 134, 251, 88, 307, 69. எல்லாம் உண்மையான எண்கள், எனக்குப் பார்த்தாலே தெரிகிறது. அதில் பதினெட்டுக்குச் சிவப்பு வளையம் போட்டிருக்கிறது. அவளுடைய மெழுகுக் கலரால், அவளே போட்டிருக்கிறாள். என்னைவிட வட்டமாகப் போட்டிருக்கிறாள். ஒன்றைக்கூட விடவில்லை. 182-க்குக்கூட வளையம் உண்டு, நானாக இருந்தால் போனால் போகிறது என்று விட்டிருப்பேன். அடியில் எழுதியிருக்கிறாள்: "அப்பா, நீங்க போட வேண்டாம். நானே பாத்துட்டேன். பதினெட்டு."

கண்ணாடியில் இந்த மெழுகு நிற்காது, கட்டை விரலால் துடைத்தால் போய்விடும். தவறாக வளையம் போட்டுவிட்டால் நாங்கள் அப்படித்தான் துடைத்துவிட்டுக் குப்பியைத் திரும்ப வரிசையில் வைப்போம். அதே பழக்கத்தில் 307 மேல் விரலை வைத்துத் தேய்த்தேன். சிவப்பு பரவியதே தவிரப் போகவில்லை. துணியை நனைத்துத் தேய்த்துப் பார்த்தேன். காகிதம் கிழிந்துவிட்டது.

மற்ற பதினேழையும் தொடவில்லை. அவளிடம் இப்போதைக்கு எதுவும் சொல்லாதே, பக்கம் வந்து சேர்ந்தது என்று மட்டும் சொல். ஆகஸ்டுக்கு இன்னும் எழுபத்து நாலு நாள் இருக்கிறது.

அப்பா